ஆறரை மணிக்கு எழும் ‘எல்டர்’கள்: ஜப்பானில் இளம் மார்மன் மிஷனரியின் அன்றாடம்

1901 ஆகஸ்ட் 12 அன்று யோகோஹாமா துறைமுகத்தில் நான்கு அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். ஹீபர் ஜே. கிராண்ட், லூயிஸ் கெல்ச், ஹொரேஸ் என்சைன், அல்மா டெய்லர். கிராண்ட், சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர். டெய்லருக்கு அந்த மாதம்தான் பத்தொன்பது வயது நிரம்பியிருந்தது. தங்குவதற்கு ஒரு விடுதியைப் போய்ப் பார்த்தார்கள். வந்திருப்பவர்கள் மார்மன்கள் என்று தெரிந்ததும் விடுதிக்காரர் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். பலதார மணக்காரர்கள் என்ற பேர் அவர்களுக்கு முன்னாலேயே கடல் தாண்டி வந்து சேர்ந்திருந்தது.

நால்வரில் ஒருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. கிராண்ட் இரண்டு வருடம் முட்டிமோதிப் பார்த்துவிட்டு 1903-இல் ஊர் திரும்பினார். டெய்லர் எட்டரை ஆண்டு இருந்தார். மொழியைக் கற்று, மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, 1909-இல் அதை அச்சில் பார்த்த பிறகுதான் கிளம்பினார். இத்தனை உழைப்புக்கும் பலன் என்ன? 1924 வரை, இருபத்து மூன்று ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. 1923-இல் பெரும் பூகம்பம். மறு வருடம் ஜப்பானியர் குடியேற்றத்தை அமெரிக்கா சட்டம் போட்டு அடைத்தது. அமெரிக்கர் மீது கசப்பு பரவியது. அதே 1924-இல் மிஷன் மூடப்பட்டது. மூடும்படி உத்தரவிட்டவர், அதற்குள் சபைத் தலைவராகிவிட்டிருந்த ஹீபர் ஜே. கிராண்ட்தான். திரும்பத் திறந்தது 1948-இல்.

இது ஏதோ விதிவிலக்கான தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. மிஷனரி வேலையில் தோல்விதான் வழக்கம். வெற்றி எப்போதாவது நேர்வது. சபையே வெளியிட்ட கணக்கின்படி 2024 முடிவில் உலகெங்கும் முழுநேரப் போதனை மிஷனரிகள் 74 ஆயிரத்துச் சொச்சம் பேர். அந்த ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றுச் சேர்ந்தவர்கள் 3 லட்சத்து 8 ஆயிரத்துச் சொச்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு மிஷனரிக்கு ஆண்டுக்கு நான்கு பேர் வருகிறது. அதுவும் சராசரிதான். மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் எண்ணிக்கை ஏறும். ஜப்பானிலும் மேற்கு ஐரோப்பாவிலும் சரியும். இரண்டு வருடம் சைக்கிள் மிதித்துவிட்டு ஒருவரையும் சேர்க்காமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு.

அப்படியிருக்க, நேற்று முழுக்கக் கதவுகள் சாத்தப்பட்ட ஒரு பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் இன்று காலை ஆறரைக்கு எழுந்து சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டு எப்படித் திரும்பவும் கிளம்புகிறான்? பக்தி என்பது பாதிப் பதில். மீதிப் பதில் அவனுடைய நாள் அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. பலன் எதுவும் தராத நாளும் கணக்கில் வரும் நாளாக இருக்கும்படி யாரோ மிகக் கவனமாக யோசித்து அதை வடிவமைத்திருக்கிறார்கள். பலன் மிகக் குறைவாகக் கிடைக்கும் ஜப்பான் போன்ற இடத்தில்தான் அந்த வடிவமைப்பு பளிச்சென்று தெரிகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. ‘மார்மன்’ என்ற புழக்கப் பெயரைக் கைவிடும்படி 2018-இல் அன்றைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். வாசகர்கள் அறிந்த பெயர் அதுதான் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வேலை எப்போதும் விடலைப் பையன்களின் வேலையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போனவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை விட்டுவிட்டுப் புறப்பட்ட குடும்பஸ்தர்கள். மாநாட்டு மேடையில் தங்கள் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டுத்தான் பலருக்குச் சேதியே தெரியும். 1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் நடந்த ஒரு மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களை இப்படி அழைத்து உலகத்தின் மூலைகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். பலதார மணக் கோட்பாட்டைச் சபை முதன்முதலாகப் பகிரங்கமாக அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். போன இடமெல்லாம் அவர்கள் பதில் சொல்லி மாளாத கேள்வி அது. அந்தக் கூட்டத்தில் மூவர் 1853-இல் நம் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்: ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்த பாலன்டைன் சால்ட் லேக்கில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். வீட்டில் மனைவியும் குழந்தைகளும். கையில் காசில்லாமல், போகிற இடத்து மனிதர்களின் தயவை நம்பிப் புறப்படுவது அன்றைய முறை. சென்னையில் துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார்கள். ஒரு மாதப் பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார்கள். சேர்ந்தவர்கள் சொற்பம். மறு ஆண்டே பாலன்டைன் கிளம்பிவிட்டார். அந்த மனிதருக்கு மணி அடிக்கும் அட்டவணை கிடையாது, வாராந்தர அறிக்கை கிடையாது. இத்தனை நாள் என்று ஒரு காலக்கெடுகூடத் தெளிவாகக் கிடையாது. தோல்வியைத் தாங்க அவரிடம் இருந்தது நம்பிக்கையும் நாட்குறிப்பும்தான்.

குடும்பஸ்தர்கள் போய் மணமாகாத இளைஞர்கள் அவர்கள் இடத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில், படிப்படியாக. பெண்களில் முதன்முதலாக அதிகாரபூர்வமாக அனுப்பப்பட்ட மணமாகாத இருவர் 1898-இல் இங்கிலாந்து போனார்கள். 1974-இல் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பால், தகுதியுள்ள ஒவ்வொரு இளைஞனும் மிஷன் போயாக வேண்டும் என்று வற்புறுத்தியதிலிருந்து அது ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழக் கட்டாயக் கடமையாகிவிட்டது, பெண்களுக்கு விருப்பம். 2012 அக்டோபரில் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19-இலிருந்து 18-ஆகவும் பெண்களுக்கு 21-இலிருந்து 19-ஆகவும் இறக்கினார்கள். 58 ஆயிரம் அளவில் இருந்த மிஷனரிகளின் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் 80 ஆயிரத்தைத் தாண்டியது. பெண்களின் பங்கும் கணிசமாக உயர்ந்தது. ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். 1982-இல் ஆண்களுக்கும் ஒன்றரை வருடமாகக் குறைத்துப் பார்த்து, இரண்டு வருடம் கழித்துப் பழையபடி மாற்றிவிட்டார்கள்.

எங்கே போவது என்பதை விண்ணப்பிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. அப்போஸ்தலர்கள் முடிவு செய்வார்கள். சபைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வரும். 2018 வரை அது தடித்த வெள்ளை உறையில் தபாலில் வந்தது. சுற்றமும் நட்பும் கூடியிருக்க அதைப் பிரித்து வாசிப்பது யூட்டா மாநிலக் குடும்பங்களில் ஒரு சடங்கு. இப்போது கடிதம் இணையத்தில் வருகிறது. கூட்டம் மட்டும் அப்படியே கூடுகிறது.

இதற்குச் சம்பளம் இல்லை. செலவு மிஷனரியும் குடும்பமும் கொடுப்பது. 1990 வரை அந்தந்த நாட்டில் ஆகிற உண்மைச் செலவை அந்தந்தக் குடும்பமே ஏற்றது. மகன் குவாத்தமாலா போனால் கொஞ்சம், தோக்கியோ போனால் கழுத்தை நெரிக்கும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமான சுமை. 1991-லிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு எந்த நாடானாலும் மாதம் 350 டாலர் என்று சமப்படுத்தினார்கள். 2003-இல் அது 400 ஆனது, 2020-இல் 500. பணம் பொதுக் கணக்குக்குப் போய், அங்கிருந்து மாதாமாதம் சாப்பாட்டுச் செலவுக்கு அளந்து வருகிறது. வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருவோருக்குப் பொது நிதியிலிருந்து உதவி உண்டு. இந்தச் சமப்படுத்தலைக் கணக்குப்பிள்ளையின் சீர்திருத்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானில் யாரும் சேரவில்லையே, இத்தனை செலவு வீணா என்ற கேள்வியை அது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து அகற்றிவிட்டது.

பயிற்சி முதலில். யூட்டாவின் புரோவோ நகரில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை ஒட்டி 1961-இல் மொழிப் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய இடம் 1978-இலிருந்து மிஷனரி பயிற்சி மையம் என்று அழைக்கப்படுகிறது. மெக்சிகோ சிட்டி, மணிலா, அக்ரா, சாவோ பாலோ என்று வேறு ஊர்களிலும் மையங்கள் உண்டு. புரோவோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கிறார்கள். ஜப்பானிய மொழி போன்ற கடினமானவற்றுக்கு ஒன்பது வாரம் வரை. கொரோனாவுக்குப் பிறகு அதில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே இணையவழியாக நடக்கிறது. கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அண்மையில் மிஷன் முடித்துத் திரும்பிய மாணவர்கள். அவர்களே மதம் தேடும் ஜப்பானியராக நடிப்பார்கள். புதிதாக வந்தவன் அரைகுறை இலக்கணத்தில் கடவுளைப் பற்றி அவர்களிடம் விளக்க வேண்டும். இலக்கணம் முடிந்த பிறகு பேசலாம் என்ற மரபான பள்ளிக்கூட முறைக்கு நேர் எதிரானது இது. முதல் வாரத்திலேயே பேச்சு, தப்பும் தவறுமாக. மொழிக் கல்வியைப் பற்றி அக்கறையுள்ள எவரும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

இனி நாள். காலை 6:30-க்கு எழ வேண்டும். பிரார்த்தனை, அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு. எட்டு மணிக்குத் தனிப் படிப்பு. ஒன்பதுக்கு இருவர் சேர்ந்த படிப்பு. அதற்கு மேல் மொழிப் படிப்பு. பத்து, பதினொன்றுக்கு வெளியே. மதியத்துக்கு ஒரு மணி நேரம், மாலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. மறுநாள் திட்டம், நாட்குறிப்பு. 10:30-க்கு விளக்கணைப்பு. 2017-க்குப் பிறகு இடத்துக்கு ஏற்ப நேரங்களைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ள அனுமதி உண்டு, எலும்புக்கூடு மாறவில்லை. தொலைக்காட்சி கிடையாது, சினிமா கிடையாது, சபைக்கு வெளியிலான பொழுதுபோக்குப் புத்தகமும் பாட்டும் கிடையாது, காதல் கிடையாது. நீச்சல்கூடக் கிடையாது. முதற்பெயரும் கிடையாது. பையன் ‘எல்டர்’ இன்னார், பெண் ‘சிஸ்டர்’ இன்னார், குடும்பப் பெயரோடு சரி. ஜப்பானில் ‘சோரோ’ என்றும் ‘ஷிமாய்’ என்றும் கூப்பிடுவார்கள்.

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பாதி நாள் மிஷனரியின் கையில் இருக்கிறது. எழுவது, படிப்பது, திட்டமிடுவது, கிளம்புவது, திரும்புவது எதற்கும் வேறொருவர் கதவைத் திறக்க வேண்டியதில்லை. ஊரே முகம் திருப்பிக்கொண்டாலும் இரவு ஒன்பதரைக்கு நாட்குறிப்பில் எழுத ஏதோ இருக்கும். மிஷனரிகளுக்காகச் சபை 2004-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய கையேடும் இதை நேராகவே சொல்கிறது: மற்றவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கொண்டு அல்ல, உன் அர்ப்பணிப்பைக் கொண்டே உன் வெற்றியை அளந்துகொள் என்பது அதன் சாரம். நல்ல அறிவுரைதான். அதே கையேடு வாரா வாரம் எண்ணிக்கை அனுப்பவும் சொல்கிறது; அந்த விஷயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

ஜப்பானிய நகரம் ஒன்றில் மதியம் இரண்டு மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இரண்டு சைக்கிள்கள், இரண்டு ஹெல்மெட்டுகள். உள்ளே மணியை அழுத்தினால் கதவு திறப்பதில்லை. சுவரில் பதித்த சின்னப் பேசுகருவியிலிருந்து ஒரு பெண் குரல். பையன் மனப்பாடம் செய்த மரியாதை வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் ‘கெக்கோ தெஸ்’, வேண்டாங்க, என்று பதில் வந்துவிடும். கோபம் இல்லை, திட்டு இல்லை. தென் அமெரிக்காவில் நாய் துரத்தும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து வாதாடுவார்கள், சாப்பாடு போடுவார்கள். ஜப்பானில் மிகுந்த பணிவோடு ஒன்றும் நடக்காது. பக்கத்துக் கதவு. அதற்கடுத்த கதவு. முகமே பார்க்காத மறுப்பு முகத்தில் அறைகிற மறுப்பைவிடச் சலிப்பூட்டும் என்று ஊகிக்கிறேன். சண்டை போட்டால் இரவு சொல்லிச் சிரிக்க ஒரு கதையாவது மிஞ்சும்.

எப்போதாவது கதவு திறந்து உள்ளே அழைத்துவிட்டால் அடுத்த சிக்கல் தேநீர். விருந்தாளிக்குப் பச்சைத் தேநீர் ஊற்றுவது அங்கே எழுதாத சட்டம். காப்பி, தேநீர், மது, புகையிலை நான்கும் மார்மன்களுக்கு விலக்கு; பச்சைத் தேநீரும் அதில் அடக்கம்தான் என்று 2019-இல் சபையின் இளைஞர் பத்திரிகை மறுபடி உறுதிசெய்தது. வந்த வீட்டில் ஊற்றிக் கொடுத்ததை வேண்டாம் என்பது எவ்வளவு சங்கடம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பும் வழி முகிச்சா: வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்து எடுக்கும் பானம், தேயிலை கிடையாது, கோடையில் எல்லா வீட்டுக் குளிர்பெட்டியிலும் இருக்கும். வந்த சில நாளிலேயே எந்தப் புது மிஷனரிக்கும் அந்தச் சொல் அத்துப்படியாகிவிடும்.

கதவுகள் சரிப்படாத ஊரில் வேறு வழிகளும் பிடித்துவைத்திருக்கிறார்கள். ரயில் நிலைய வாசலில் துண்டுச் சீட்டு. சபைக் கட்டடத்தில் வாரம் ஒருமுறை இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு. முடிவில் விருப்பமுள்ளவர்களுக்குச் சிறிய சமயப் பேச்சு. வகுப்புக்குக் கூட்டம் வரும், பேச்சுக்குக் குறையும். வருகிறவர்களுக்கும் இது தெரியும், நடத்துகிறவர்களுக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அண்மை வருடங்களில் கைப்பேசியும் சமூக ஊடகமும் சேர்ந்துகொண்டன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்லாயிரம் மிஷனரிகளைத் தத்தம் நாட்டுக்குத் திருப்பியழைத்தபோது திரைவழிப் போதனை அவசர உபாயமாக வந்தது, வந்தது தங்கிவிட்டது.

அட்டவணையைவிட முக்கியமான ஏற்பாடு இன்னொன்று. ஜோடி. மிஷனரி ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. குளியலறை, கழிப்பறை நீங்கலாக இருவரும் எப்போதும் ஒருவர் பார்வையில், ஒருவர் குரல் எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூக்கம், தனித்தனிப் படுக்கை. யாரோடு யார் என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார். மனைவியோடு மூன்று ஆண்டுக்கு வந்து தங்கும் நடுவயதுக்காரர் அவர். ஏற்பாட்டுக் கல்யாணத்தில்கூடப் பெண்பார்க்கும் படலம் ஒன்று உண்டு. இங்கே அதுவும் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். சில ஜோடிகள் ஒரே சுற்றில் பிரியும், சில இரண்டு மூன்று சுற்று நீடிக்கும்.

ஐடஹோவின் உருளைக்கிழங்குப் பண்ணையிலிருந்து வந்தவனும் ஒசாகாவில் இரண்டாம் தலைமுறை மார்மன் வீட்டில் பிறந்தவனும் ஒரே ஜோடியாகலாம். ஒருவன் பாத்திரத்தை உடனே கழுவுவான், மற்றவன் தொட்டியில் போட்டுவைப்பான். ஒருவன் மணியடித்ததும் எழுவான், மற்றவன் ஏழு வரை புரளுவான். ஒருவன் கதவு கதவாகப் போக வேண்டும் என்பான், மற்றவன் ஏற்கெனவே தெரிந்தவர்களைப் பார்க்கப் போகலாம் என்பான். வாய்விட்டுப் பேச மூன்றாவது ஆள் கிடையாது. கோபித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வரவும் வழி கிடையாது. இதை ஊகித்துத்தான் கையேடே ஒரு வடிகால் வைத்திருக்கிறது. வாரத் திட்டமிடலின் முடிவில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, எது சரியாகப் போகிறது, எது உறுத்துகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வயதில் இதைச் செய்யத் தெரிந்த ஆண்பிள்ளை எந்த நாட்டிலும் அபூர்வம். முதல் சில மாதங்கள் பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகத்தான் போகிறது’ என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்போலிருக்கிறது.

பாதுகாப்பு, பழிச்சொல்லிலிருந்து காப்பு, ஒருவரையொருவர் கண்காணித்தல் என்று ஜோடி முறைக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் சரியே. மிஷனின் எல்லை முழுக்கச் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒரு நடுவயதுத் தம்பதி கண்காணிக்க முடியாது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவன் முடியும். ஆனால் இதைவிட ஆழமாக வேலை செய்வது வேறு. கதவு சாத்தப்படும்போது பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான். தோல்வி தன் ஒருவனுடையதாக இல்லாமல் இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது. இன்றைக்கு வேண்டாம், அறையிலேயே இருப்போம் என்ற ஆசை இருவருக்கும் ஒரே நேரத்தில் வருவது குறைவு. வந்துவிட்டால் அந்த ஜோடி அன்று வெளியே போவதில்லை என்பதும் உண்டு. 1960களில் மெக்சிகோவில் மிஷனரிகளாக இருந்து பின்னாளில் சமூகவியலாளர்களான கேரி ஷெப்பர்ட், கார்டன் ஷெப்பர்ட் என்ற இரட்டையர்கள் அந்தக்காலத் தங்கள் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு 1998-இல் ஒரு நூல் எழுதினார்கள். மதம் மாற்றும் வேலையாகத் தோன்றும் இது, முதலாவதாகவும் முக்கியமாகவும் மிஷனரியையே முதிர்ந்த சபையாளாக ஆக்கும் சடங்கு என்ற பார்வை அதில் வலுவாக இருக்கிறது. ஜப்பானைப் பார்க்கும்போது அதை மறுக்கத் தோன்றவில்லை.

புதிதாக வருபவனுக்கு முதல் பன்னிரண்டு வாரம் ஒரு மூத்தவன் பயிற்சியாளன். மூத்தவன் என்றால் சில மாதங்களே மூத்தவன். அவனை ‘அப்பா’ என்று விளையாட்டாகச் சொல்வார்கள். அவனுடைய பயிற்சியாளன் தாத்தாவாகிவிடுவான். ஊர் திரும்ப நாள் இருக்கும்போதே மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிடுபவனுக்கு ‘டிரங்கி’ என்று பட்டப்பெயர்.

வாரத்தில் ஒரு நாள் பாதி விடுமுறை, பெரும்பாலும் திங்கள். துணி துவைத்து மாடத்தில் உலர்த்துவது, கடைக்குப் போவது, முடிவெட்டிக்கொள்வது, அறையைப் பெருக்குவது. மாலை ஆறு மணிக்குத் திரும்பவும் சட்டை, டை. அந்த நாளின் உயிர்நாடி வீட்டோடு பேசுவது. 2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும், தொலைபேசியில் பேசலாம். மற்றபடி கடிதம், பிற்காலத்தில் மின்னஞ்சல். அதன் பிறகு வாரா வாரம் காணொளியில் பேச அனுமதித்தார்கள். ஜப்பானில் திங்கள் காலை ஒன்பது மணி என்பது யூட்டாவில் ஞாயிறு மாலை. குடும்பம் முழுக்க வீட்டில் இருக்கும் நேரம். இந்த ஒரு மாற்றம் அன்றாடத்தின் மற்றெல்லாத் தளர்வுகளையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன். பழைய தலைமுறையினர் சிலர் இதனால் வைராக்கியம் குறையும் என்று முணுமுணுத்தார்கள். ஆறு மாதம் மகன் குரலைக் கேட்காமல் இருந்த தாய்மார்கள் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். புதிதாகக் கற்பிக்கத் தொடங்கியவர்கள், ஞாயிறு கூட்டத்துக்கு வந்தவர்கள், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று வாரந்தோறும் ஒவ்வொரு ஜோடியும் கணக்குக் கொடுக்க வேண்டும். முன்பு ஞாயிறு இரவில் தொலைபேசி வழியாக வட்டாரத் தலைவனுக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறும், இப்போது செயலியில். வட்டாரத் தலைவனும் இருபது வயதுப் பையன்தான். எண்களை அவமானப்படுத்தும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று மேலிடம் சொல்லும். ஆனால் எண் கேட்கப்படுகிற இடத்தில் எண் உற்பத்தியாகும். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் பேஸ்பால் அணி சேர்ப்பதாகச் சொல்லிச் சிறுவர்களைக் கூட்டிப்போய் ஞானஸ்நானம் கொடுத்த கதை சபை வரலாற்றாசிரியர்களே எழுதியிருப்பது. பையன்களில் பலர் விளையாட்டு அணியில் சேர்கிறோம் என்றே நினைத்திருந்தார்கள். ஜப்பானில் அதற்கு இணையானது தோக்கியோ தெற்கு மிஷன். 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் ரயில் நிலையத்தில் சந்தித்தவரைச் சில மணி நேரத்திலேயே, சில சமயம் அன்றைக்கே, தொட்டியில் இறக்கிவிடும் வேகம் அங்கே பழக்கமானது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பதிவானது. பெரும்பாலோர் மறு வாரம் வரவில்லை. ஜிரோ நுமானோ என்ற ஜப்பானிய மார்மன் ஆய்வாளர் 2010-இல் இந்த அவசர ஞானஸ்நானங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வேகத்தின் சுமை விழுந்தது உள்ளூர்ச் சபைகளின் தலையில். ஏட்டில் பெயர் இருக்கும் ஆளைத் தேடி அலையும் வேலை அவர்களுக்கு.

சிலேயில் இந்த இடைவெளியை அரசாங்கமே அளந்து காட்டிவிட்டது. 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் தங்களை மார்மன் என்று சொல்லிக்கொண்டவர்கள் 1 லட்சத்துச் சொச்சம். சபை ஏட்டில் அப்போது 5 லட்சத்துக்கு மேல். சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டாலும் கணக்கு ஒட்டாது. அதே ஆண்டு ஜெஃப்ரி ஹாலண்ட் என்ற அப்போஸ்தலரைச் சிலேக்கே குடிபோகச் சொல்லி அனுப்பியது சபை. ஞானஸ்நானத்துக்கு முன் அந்த ஆள் சில வாரமாவது கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பெல்லாம் இத்தகைய அனுபவங்களிலிருந்து வந்ததுதான். பலன் அல்ல, அர்ப்பணிப்பே அளவுகோல் என்ற கையேட்டின் வாக்கியத்தையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். அது இளைஞனுக்கு ஆறுதல். நிறுவனத்துக்குத் தன் பழைய பசியின் மீதான கடிவாளம்.

முடித்துத் திரும்புகிறவர்களுக்கு ஒரு மொழி கையில் மிஞ்சுகிறது. 1970களில் மிஷனரியாக ஜப்பான் போன கென்ட் கில்பர்ட் பின்னர் அங்கே தொலைக்காட்சிப் பிரபலமானார். கனடாக்காரரான கென்ட் டெரிகாட்டும் அப்படியே. ஜப்பானியரில் பலருக்கு இவர்களின் முகம் தெரியும், மதம் தெரியாது. யூட்டா தேசியக் காவற்படையில் மொழி அறிந்தவர்களை வைத்தே ஓர் உளவுப் படைப்பிரிவு இயங்குவதும் இந்தத் திரும்பி வந்த பிள்ளைகளின் பலத்தில்தான்.

பாதியில் திரும்புகிறவர்களின் கதை வேறு. உடல்நலம், மனச்சோர்வு, விதிமீறல், ஜோடியோடு ஒத்துப்போகாமை, நம்பிக்கை விட்டுப்போதல். விமான நிலையத்தில் பதாகையோடு கூட்டம் நிற்காது. வீட்டுப் பக்கத்துச் சபையில் ‘எங்கே மிஷன் போனாய்?’ என்பது அறிமுகக் கேள்வி. அதற்கு அடுத்த கேள்விதான் இவர்களுக்குப் பயம். யூட்டா வேலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் டோட்டி இவர்களிடம் நடத்திய ஆய்வில், எந்தக் காரணத்துக்காகத் திரும்பியிருந்தாலும், பெரும்பான்மையோர் தங்களைத் தோற்றவர்களாகவே உணர்ந்தது தெரியவந்தது. ஜப்பானில் இரண்டு வருடத்தில் ஒருவரையும் சேர்க்காதவன் தோற்றவனாக எண்ணப்படுவதில்லை. ஐந்து பேரைச் சேர்த்துவிட்டு எட்டாவது மாதம் காய்ச்சலோடும் தூக்கமின்மையோடும் வந்தவன் எண்ணப்படுகிறான். அட்டவணை காப்பாற்றுவது அட்டவணைக்குள் இருப்பவனை மட்டும்தான். வீட்டிலிருந்தபடியே தொண்டு செய்யும் சேவை மிஷனை அண்மை வருடங்களில் சபை விரிவாக்கி, உடல், மன நலக் காரணங்களால் திரும்பியவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. உறுப்பினர் எத்தனை, மிஷனரி எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை என்ற கணக்கை ஆண்டுதோறும் ஏப்ரல் மாநாட்டையொட்டி வெளியிடுகிறார்கள். பாதியில் திரும்பியவர்கள் எத்தனை என்பதற்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை.